ஆர்டர் போகும் வழியும் பணம் வரும் வழியும்

கல்லல், ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்து நகரத்தார் வீடுகளைப் பார்க்க வருகிறவர்களிடம் வழிகாட்டிகள் ஒரு பட்டியலை ஒப்பிப்பார்கள். தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலிச் சலவைக்கல், சுவரில் பதித்தது ஜப்பான் ஓடு, நிலைக்கண்ணாடி பெல்ஜியம், உத்தரம் இலங்கை முதிரை. கேட்பவர்கள் செட்டியார்களின் செல்வத்தை எண்ணி வாயைப் பிளப்பார்கள். செல்வத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. கடிதமும் தந்தியும் தவிர வேறு தொடர்பு இல்லாத காலத்தில், நாலைந்து நாட்டுப் பொருள் கடல் கடந்து, மாட்டுவண்டி ஏறி, வானம் பார்த்த பூமியில் இருக்கும் ஓர் ஊருக்கு, ஆசாரியும் கொத்தனாரும் கேட்ட அளவில் வந்து சேர்ந்தது எப்படி?

வீடு கட்டுகிறவரின் ஆட்களே வழி நெடுக இருந்தார்கள் என்பதுதான் பதில். ரங்கூன், மோல்மேன், கொழும்பு, பினாங்கு, சைகோன் என்று ஊர்தோறும் கிட்டங்கிகள், அதாவது அவர்களின் லேவாதேவி நிலையங்கள். ஒவ்வொன்றிலும் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை. மூன்றாண்டுக் கணக்குக்குப் போன மேலாள் ஊருக்கு ஐந்தொகை அனுப்ப வேண்டும். அதோடு அந்த ஊர் நிலவரத்தையும் எழுத வேண்டும். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி, அந்த மாதத்து நடப்பு வட்டியைப் பேசி முடிவு செய்தார்கள். போட்டியாளர்களே உட்கார்ந்து ஒரே எண்ணை ஒப்புக்கொண்டு கலைந்தார்கள். தொழிற்சாலைகள் இன்று கோடிக்கணக்கில் செலவழித்து மென்பொருள் வாங்கித் தேடும் 'இணைந்த விநியோகச் சங்கிலி' அப்போது பேரேட்டிலும் தபாலிலும் ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கே அறுந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். அறுந்த இடம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்.

தொழில் உலகில் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கும் பேச்சு, வாடிக்கையாளரை மையமாக வைத்துச் சங்கிலியைக் கட்டுவது. அதன் பொருள் சுலபம். செய்து வைத்ததை விற்காதே, கேட்பதைச் செய். கேட்பது என்ன என்பது கடையோடு நின்றுவிடாமல் மூலப்பொருள் தருகிறவர்வரை தெரியட்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அறுபது ஆண்டுகளாகப் பெரிய பெரிய நிறுவனங்கள் முயன்றும் இது அரைகுறையாகவே நிற்கிறது. காரணம் தொழில்நுட்பம் போதாததல்ல. ஆர்டர் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு தூரம் கீழே போகிறது என்று கணக்கிடுகிறவர்கள், பணம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் கீழே போகிறது என்று கணக்கிடுவதில்லை. கடைசிக் கண்ணியில் இருப்பவர் படும் பாடு மேலே திரும்பி வர வழியும் வைப்பதில்லை.

முதலில் ஆர்டரின் கதை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த ஜே ஃபாரஸ்டர் 1961-இல் வெளியிட்ட நூலில் ஒரு விநோதத்தைக் காட்டினார். கடையில் விற்பனை சிறிதளவு ஏறினால் மொத்த வியாபாரி அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறார். ஆலை இன்னும் கூடுதலாகச் செய்கிறது. மூலப்பொருள் தருகிறவருக்கு அது பெருவெள்ளமாகப் போய்ச் சேருகிறது. பிறகு அதே கணக்கில் வறட்சி. 1997-இல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் மூவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இதற்குச் சாட்டையடி விளைவு என்ற பெயர் நிலைத்தது. அவர்கள் காட்டிய உதாரணம் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் குழந்தை டயப்பர். குழந்தைகள் ஏறக்குறைய ஒரே கணக்கில்தான் நனைக்கின்றன. ஆனாலும் அந்த நிறுவனம் தன் மூலப்பொருள் வியாபாரிகளுக்குக் கொடுத்த ஆர்டர் மலையும் மடுவுமாக இருந்தது.

இந்த ஏற்ற இறக்கத்தை யார் உண்டாக்கினார்கள்? வாடிக்கையாளர் அல்லர். நடுவில் இருந்தவர்கள். தள்ளுபடி வரும்போது அள்ளி வைத்துக்கொள்வது, தட்டுப்பாடு என்று காதில் விழுந்தால் தேவைக்கு இரண்டு மடங்கு கேட்பது, வாரக்கணக்கை மாதக்கணக்காகச் சேர்த்து மொத்தமாக ஆர்டர் போடுவது. நம் ஊரில் ஏஜென்சி எடுத்து நடத்திய யாரையும் கேட்டுப்பாருங்கள். மாதம் 28-ஆம் தேதி ஆனால் கம்பெனி சேல்ஸ்மேன் வந்து நிற்பார். 'டார்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் அண்ணே, இறக்கிக்குங்க' என்று சரக்கைத் தலையில் கட்டிவிட்டுப் போவார். அடுத்த மாதம் பத்தாம் தேதிவரை அந்த ஏஜென்சி ஒரு பெட்டிகூட வாங்காது. தலைமை அலுவலகத்து வரைபடத்தில் மாதக் கடைசியில் வாடிக்கையாளர் ஆசை பொங்குவதாகவும் முதல் வாரத்தில் வற்றுவதாகவும் தெரியும். காரைக்குடிக் கடைத்தெருவில் சோப்பு வாங்கும் பெண்ணுக்கு இதில் சம்பந்தமே இல்லை.

இதற்கு மருந்து 1950-களிலேயே ஜப்பானில் கிடைத்துவிட்டது. டொயோட்டாவின் தைச்சி ஓனோ அமெரிக்கப் பல்பொருள் அங்காடியின் முறையைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். எடுத்த இடத்தை மட்டும் நிரப்பு. நிரப்பு என்று சொல்ல ஓர் அட்டை போதும். பின்னால் 1980-களின் இறுதியில் வால்மார்ட் தன் கடை விற்பனைக் கணக்கைப் பிராக்டர் அண்ட் கேம்பிளுக்கு நேரடியாகக் காட்டத் தொடங்கியது. டயப்பர் குறைந்தால் கடைக்காரர் ஆர்டர் போடாமலே வந்து இறங்கும். டொயோட்டாவின் அட்டைக்கும் வால்மார்ட்டின் கணக்குக்கும் அடிப்படை ஒன்றுதான். நடுவில் இருப்பவரின் ஊகத்தை நம்பாதே, கடைசியில் வாங்குகிறவரின் கையைப் பார்.

தமிழ்நாடு இந்தப் பாடத்தை நன்றாகவே படித்தது. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் 1998-இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் இருந்து முதலாவது. டி.வி.எஸ். மோட்டார் 2002-இல் பெற்றது. சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பத் தொடங்கி, தொடர்ந்து பல ஆண்டுகள் அந்த நிறுவனத்தின் சிறந்த சப்ளையர் விருதை வாங்கியது. கடல் தாண்டி இருக்கும் கார் ஆலைக்குச் சொன்ன நாளில், சொன்ன தரத்தில் மூடி போய்ச் சேர வேண்டும். ஒரு மூடி கசிந்தால் வண்டி வழியில் நிற்கும். ஹூண்டாய் 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் வேர்விட்டு 1998-இல் சான்ட்ரோவை விட்டபோது, கொரிய உதிரிபாக நிறுவனங்களும் கூடவே வந்து ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இறங்கின. இந்த வகை ஆலைகளில் இருக்கை போன்ற பெரிய பாகங்கள், அசெம்பிளி வரிசையில் எந்த நிறக் கார் எந்த எண்ணில் வருகிறதோ அதே வரிசையில் லாரியில் அடுக்கி வரும். ஒரு மணி நேரம் பிந்தினால் வரிசை நிற்கும். நேரடியாகப் பாகம் தரும் முதல் அடுக்குச் சப்ளையருக்கும் கார் கம்பெனிக்கும் நடுவில் நூல் நுழைய இடமில்லை என்று சொல்லலாம்.

அதற்குக் கீழே வாருங்கள். அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ நாலு சி.என்.சி. மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர் மூன்றாம் அடுக்கு. அவருக்குக் கார் கம்பெனியின் பெயரே உறுதியாகத் தெரியாது. வரைபடத்தில் பாக எண் மட்டும் இருக்கும். அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று அவருக்குச் சொல்வது இரண்டாம் அடுக்குக்காரர் போனில் சொல்லும் ஒரு மதிப்பீடு. அதை நம்பி இரும்புக் கம்பி வாங்கிப் போடுவார். கார் விற்பனை சரிந்தால் ஆர்டர் நின்றுவிட்டது என்பதும் போனில்தான் தெரியும். வாங்கிய கம்பி ஷெட்டில் துருப்பிடிக்கும். போன சரக்கில் ரிஜெக்‌ஷன் என்று டெபிட் நோட் மட்டும் தவறாமல் ஈமெயிலில் வந்துவிடும். குற்றம் இறங்குகிற வேகத்தில் செய்தி இறங்குவதில்லை.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமில்லை. டொயோட்டாவுக்கே 2011 மார்ச் நிலநடுக்கத்தில்தான் உறைத்தது. முதல் அடுக்குச் சப்ளையர்களை அதற்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்குக் கீழே, ரெனேசாஸ் நிறுவனத்தின் நாக்கா சிப் ஆலை படுத்துவிட்டால் தன் கார்கள் எத்தனை நிற்கும் என்பது தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கீழடுக்குகள்வரை யார், எங்கே, எதைச் செய்கிறார்கள் என்று பதிவேடு போட்டது. சிப் தருகிறவர்களிடம் இரண்டு முதல் ஆறு மாதச் சரக்கைக் கையில் வைத்திருக்கச் சொன்னது. 'கையிருப்பு பாவம்' என்று உலகத்துக்கே உபதேசித்த நிறுவனம் இது. 2020-இல் கொரோனாவுக்குப் பயந்து கார் கம்பெனிகள் சிப் ஆர்டரை ரத்து செய்தன; சிப் ஆலைகள் லேப்டாப்புக்கும் செல்போனுக்கும் திரும்பிவிட்டன; 2021-இல் கார் கேட்டு ஆள் வந்தபோது சிப் இல்லை. டொயோட்டா முதல் சில மாதங்கள் தாக்குப்பிடித்தது. செப்டம்பருக்கான உலக உற்பத்தியில் நாற்பது விழுக்காட்டைக் குறைக்க அதுவும் கடைசியில் தலைகுனிய வேண்டி வந்தது. ஆனாலும் மற்றவர்களுக்கு வந்த வலி டொயோட்டாவுக்கு அரை ஆண்டு தாமதமாகத்தான் வந்தது. கீழடுக்கைத் தெரிந்துவைத்ததன் விலைமதிப்பு அந்த அரை ஆண்டுதான்.

கார் நின்றால் நஷ்டம். துணியில் உயிர் போகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். இடிபாட்டில் கிடைத்த லேபிள்களைப் பார்த்துத்தான் தங்கள் சட்டை அங்கே தைக்கப்பட்டது என்று சில வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒத்துக்கொண்டன. ஆர்டர் கொடுத்த ஆலை ஒன்று, தைத்த ஆலை இன்னொன்று. எந்தச் சட்டை எந்தக் கடையில் எத்தனை மணிக்கு விற்றது என்று கணினியில் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அதை யார் தைத்தார்கள் என்று பார்க்க வழியில்லை.

திருப்பூரில் இதற்கு வேறு உருவம். இந்தியாவின் ஏற்றுமதி பனியனில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. நூல், நிட்டிங், சாயம், தையல், செக்கிங், பேக்கிங் என்று தெருவுக்குத் தெரு பிரிந்து கிடக்கும் வேலையை வாட்ஸ்அப்பிலும் டூவீலரிலும் ஓடி ஒட்டவைத்துச் சொன்ன தேதிக்குக் கப்பலேற்றும் திறமை அந்த ஊருக்கு உண்டு. அந்தத் திறமையை எந்த மேலாண்மைக் கல்லூரியும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் விலை, நிறம், தேதி இந்த மூன்றைத்தான் வெளிநாட்டு வாடிக்கையாளர் சங்கிலியில் அனுப்பினார். நொய்யல் ஆற்று நீர் அந்தச் சங்கிலியில் இடம்பெறவில்லை. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயநீர் விவசாயிகளைக் கோர்ட்டுக்கு அனுப்பியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லித் தீர்ப்பளித்ததும் ஊரே ஸ்தம்பித்தது. இப்போது ஒரு சொட்டு நீரும் வெளியே விடக்கூடாது என்ற முறை நடக்கிறது. அந்தச் சுத்திகரிப்பின் செலவைச் சட்டையின் விலையில் எந்த அளவு ஏற்றுக்கொள்வது என்ற இழுபறி இன்னும் ஓயவில்லை. வாடிக்கையாளரை மையமாக வைத்தோம் என்று சொல்லிக்கொள்வது அவருக்குச் சாதகமானதை மட்டும் கேட்டுக்கொள்வதாக முடிந்தால், விடுபட்டது வேறு வழியில் வந்து கதவைத் தட்டும்.

கிட்டங்கிகள் அறுந்ததும் இப்படித்தான். பர்மாவின் கீழ்ப்பகுதி நெல்வயல்களுக்குக் கடன் கொடுத்த செட்டியார்களுக்கு ரங்கூனின் வட்டி தெரியும், சென்னையின் உண்டியல் விலை தெரியும், லண்டன் அரிசிச் சந்தைகூட ஓரளவு தெரியும். உழுகிறவனின் நிலைமை மட்டும் அடமானப் பத்திரத்தின் வழியாகத்தான் தெரியும். 1930-இல் அரிசி விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் ஆறு விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938 வாக்கில் அது 25 விழுக்காடு. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வாங்கவில்லை, ரொக்கம்தான் அவர்களுக்கு வேண்டும். ஆனால் நிலம் இழந்த பர்மியருக்கு அந்த வேறுபாடு தேவையில்லை. பகை முற்றியது, 1942-இல் ஜப்பானியர் வந்தபோது தப்பியவர்கள் நடந்தே தப்பினார்கள், நிலம் போனது போனதுதான். மேல்மட்டத்தில் அத்தனை துல்லியமாகப் பின்னிய வலை, கீழ்முனையில் ஒற்றைக் கயிறாக இருந்தது.

1942-க்கு முன்பே சுதாரித்துத் தொழிலுக்குத் திரும்பியவர்களும் உண்டு. பள்ளத்தூர்க் குடும்பமான முருகப்பா குழுமம் மோல்மேனில் லேவாதேவியில் தொடங்கி, 1930-களில் மூலதனத்தை இங்கே திருப்பி, 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறந்தார். அந்தக் கதை தனிக் கட்டுரைக்குரியது.

இனி நம் வட்டாரத்துச் சிறிய தொழிலுக்கு வருகிறேன். பெரிய ஆலைகள் தவறவிட்டதை ஆத்தங்குடித் தரைக்கல் தொழில் எவ்வளவு பிடித்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்று பார்ப்பது வீண்போகாது.

ஆத்தங்குடியில் டைல்ஸ் சூளையில் வேகுவதில்லை. ஒரு சதுரக் கண்ணாடித் துண்டு, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று ஆக்சைடு கலந்த சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை அலுங்காமல் தூக்குகிறார்கள். வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, கலப்பதில்லை. கை ஒரு நூல் சாய்ந்தால் கலந்துவிடும். மேலே உலர்ந்த மணல்-சிமென்ட் கலவையைத் தூவி ஈரத்தை இழுக்கிறார்கள். பிறகு ஈரக்கலவை, கரணையால் மட்டம். ஒரு நாள் காய்ந்து, பல நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் உலர்ந்தால் கண்ணாடி தானாக விடுகிறது. அடிப்பக்கம் இருந்த முகம் மேலே வருகிறது. அதன் மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது. தரையில் பதித்துத் தேங்காயெண்ணெய் தேய்த்தால், நடக்க நடக்க இன்னும் மின்னும்.

இந்தத் தொழிலில் பெரும்பாலும் யாரும் செய்து குவித்துவைத்து வாடிக்கையாளரைத் தேடுவதில்லை. முதலில் வாடிக்கையாளர், அவர் அறை அளவு, அவர் கேட்ட பூ, கேட்ட நிறம், முன்பணம், பிறகுதான் கண்ணாடியில் கரைசல் விழும். மேலாண்மை நூல்கள் பக்கம் பக்கமாக எழுதும் 'இழுப்பு முறை' இதுவேதான். கொத்தனாரோ ஆர்க்கிடெக்டோ செய்கிறவரிடமே பேசுவார். நடுவில் டீலர் இல்லை, மாதக் கடைசி டார்கெட் இல்லை, சாட்டையடி இல்லை. பணத்தின் ஒரு பகுதி ஆர்டரோடு சேர்ந்தே வருவதால் பாக்கி கேட்டு நிற்க வேண்டியதும் குறைவு.

குஜராத்தின் மோர்பி இதற்கு நேர் எதிர். நாட்டின் செராமிக் டைல்ஸில் பெரும்பகுதி அங்கே ஆகிறது. சூளை அணையக்கூடாது, ஆகவே ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டித்தான் ஆக வேண்டும். செய்ததை டீலர்கள் வழியாக நாடெங்கும் தள்ள வேண்டும். இன்க்ஜெட் அச்சு வந்தபிறகு எந்தப் பூவையும் போட்டோ பிடித்து வழவழப்பான ஓட்டில் அச்சடிக்க முடிகிறது. 'ஆத்தங்குடி டிசைன்' என்ற பெயரிலேயே அது காரைக்குடிக் கடையிலும் கிடைக்கும். இன்று பார்த்து நாளை வீட்டில் இறக்கலாம். அவசரக்காரர் மோர்பிக்குத்தான் போவார், அதில் தப்பில்லை.

ஆத்தங்குடியின் சங்கிலி வாடிக்கையாளர் பக்கம் இறுக்கம், மற்ற மூன்று பக்கமும் தளர்ச்சி. மணலைப் பாருங்கள். அந்த மண்ணின் மணல்தான் கல்லுக்கு வாகு என்று தொழிலாளர்கள் சொல்கிறார்கள். மணல் அள்ளுவதில் கெடுபிடி இருப்பது நியாயம்தான். ஆனால் அடுத்த மாதம் எந்த மணல் கிடைக்கும் என்று தெரியாமல் தேதி சொல்லி ஆர்டர் வாங்க வேண்டியிருக்கிறது. அடுத்தது வானம். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாமல் கல் உலராது; சொன்ன தேதி தள்ளும். வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் எல்லோரிடமும் இல்லை. பெங்களூரில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தவர் போன் மேல் போன் போடுவார்.

மூன்றாவது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, கல் லாரியை விட்டு இறங்கிய பிறகு நடப்பது. கையால் கலக்கும் நிறம். இந்த வாரத்துச் சிவப்பும் அடுத்த வாரத்துச் சிவப்பும் அண்ணன் தம்பிதான், இரட்டைப் பிள்ளைகள் அல்ல. உடைசலுக்கும் ஷேடுக்கும் சேர்த்து ஒரே தடவையில் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பெட்டிகளைக் கலந்து பதித்தால் கண்ணுக்குத் தெரியாது. பிறகு பத்து கல் போதவில்லை என்று கேட்டால் ஒட்டாது. செராமிக் பதித்துப் பழகிய வெளியூர் மேஸ்திரி இதை அறியமாட்டார். வேலை முடிந்ததும் சிமென்ட் கறையை எடுக்க ஆசிட் ஊற்றுவார். சிமென்ட் முகத்தில் ஆசிட் பட்டால் மினுமினுப்பு போய் வெளுத்துவிடும். புளியும் எலுமிச்சையும் சிந்திக் கிடந்தாலும் கறைதான். கல்லைச் செய்தவர் மேல் பழி வரும். செய்தவரிடமிருந்து பதிக்கிறவருக்குப் போயிருக்க வேண்டிய நாலு வரிச் செய்தி போகாததால் வந்த பழி அது. எந்தத் தேதியில் ஊற்றியது, எந்தக் கலவை, எப்படிப் பதிப்பது, எதை ஊற்றக்கூடாது என்று ஒரு சீட்டு தமிழிலும் இந்தியிலும் கன்னடத்திலும் அச்சடித்துப் பெட்டியில் போட்டால் போதும். சென்சார், செயலி எதுவும் வேண்டாம். டொயோட்டாவின் அட்டையும் ஒரு காகிதம்தான்.

செட்டிநாட்டின் மற்ற கைத்தொழில்களில் கொட்டான் ஒரு நல்ல முன்மாதிரி. கல்யாணச் சீரோடு நின்றுபோகவிருந்த பனையோலைக் கொட்டானை எம்.ஆர்.எம்.ஆர்.எம். கல்சுரல் ஃபவுண்டேஷன் 2000-க்குப் பிறகு எடுத்து, பின்னுகிற பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, நகரத்து வாங்குபவர் கேட்ட அளவு, நிறம், பயன்பாட்டுக்குத் திருப்பியது. 2013-இல் புவிசார் குறியீடும் வந்தது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் குறியீடு கிடைத்தது. ஆனால் விசைத்தறியில் ஓட்டிய கட்டம் போட்ட சேலையைக் கண்டாங்கி என்று ஆன்லைனில் விற்கிறவர்களை அது தடுத்துவிடவில்லை. குறியீடு சான்றிதழாகச் சுவரில் தொங்குகிறது. எந்தத் தறியில் யார் நெய்தது என்ற விவரம் சேலையோடு வாங்குகிறவரைப் போய்ச் சேர்ந்தால்தான் அதற்கு வேலை. சிலர் கியூஆர் கோடு ஒட்டுகிறார்கள். அதை ஸ்கேன் செய்தால் நெய்தவரின் பெயர் வருகிறதா, நிறுவனத்தின் விளம்பரம் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பின்னது.

இப்போது பணம். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நடைமுறையில் தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் என்று இழுப்பவர்களிடம் கேட்கச் சிறியவருக்குத் துணிச்சல் வராது. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிடி போட்டார்கள். காலத்தில் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது, கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். அபராதம் மாதிரி இல்லாமல் வரிக்கணக்கில் கை வைத்ததால் ஆடிட்டர்கள் மார்ச் மாதத்தில் பதறினார்கள். பதிவு செய்யாத சப்ளையரிடம் ஆர்டரை மாற்றிவிடுவார்கள் என்ற அச்சமும் கூடவே வந்தது. ரிசர்வ் வங்கி வகுத்த டிரெட்ஸ் என்ற ஏல முறையில், பெரிய நிறுவனம் ஒப்புக்கொண்ட பில்லை வங்கிகள் போட்டி போட்டு வாங்கி, சிறியவருக்கு உடனே பணம் தருகின்றன. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் உத்தரவு வந்தது. அதற்கு முன் வரம்பு 500 கோடி. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் பெரிய நிறுவனம் பில்லை ஒப்புக்கொண்டால்தான் வண்டி நகரும். அந்த முதல் கையெழுத்தைத் தாமதிக்க ஆயிரம் வழி உண்டு. மேலும் இது முதல் அடுக்குக்குத்தான் எட்டுகிறது. முதல் அடுக்குக்காரர் வாங்கிய வேகத்தில் மூன்றாம் அடுக்குக்குக் கொடுக்கிறாரா என்று கேட்பார் யாருமில்லை.

இணைப்பு என்றால் என்ன என்பதற்கு எனக்கு மனதில் நிற்கும் உதாரணம் கார் ஆலை அல்ல, கிராமத்துப் பால் சொசைட்டி. காலையும் மாலையும் ஒருவர் இரண்டு லிட்டர் கொண்டுவருகிறார். கொழுப்பும் மற்ற சத்தும் அளந்து சீட்டில் எழுதுகிறார்கள். நேற்றைவிட இன்று குறைந்தால் தீவனத்தில் கை வைத்தோமே என்று அவருக்கே புரிகிறது. நகரத்து வாடிக்கையாளர் எதிர்பார்க்கும் தரம் தொழுவம்வரை, ஒரு நாளைக்கு இரண்டு முறை, எண்ணாக வந்து சேர்கிறது. அதே எண்ணின்படிதான் பணமும். பால் பாக்கி விழும்போது சொசைட்டி ஆட்டம் காண்பதும் இதனால்தான். அளவுச் சீட்டில் இருந்த நம்பிக்கை பணம் வராதபோது போய்விடுகிறது.

ஆகவே ஒரு தொழிற்சாலை தன் சங்கிலி வாடிக்கையாளரை மையமாக வைத்தது என்று சொன்னால், அதன் கணினித் திரையைப் பார்க்க வேண்டாம். அதற்கு மூன்றாம் அடுக்கில் ஜாப் ஒர்க் செய்யும் ஒருவரைத் தேடிப்பிடித்து, அடுத்த மாத ஆர்டர் எவ்வளவு என்று உங்களுக்கு இன்று தெரியுமா, போன மாதப் பில்லுக்குப் பணம் வந்துவிட்டதா என்று கேட்டால் போதும். தமிழ்நாட்டின் பெரிய ஆலைகளில் பெரும்பாலானவை முதல் அடுக்குவரை இந்தச் சோதனையில் தேறிவிடும். அதற்குக் கீழே தேறாது என்பது என் கணிப்பு. ஆத்தங்குடி போன்ற இடங்கள் ஆர்டரிலும் பணத்திலும் தேறும், தேதியிலும் பதிக்கும் முறையிலும் தடுமாறும். பெரியவர்களின் குறை பேராசையில் வந்தது. சிறியவர்களின் குறை யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காததில் வந்தது. இரண்டாவதைத் திருத்துவது எளிது. மாவட்டத் தொழில் மையம் மேஸ்திரிகளுக்கு இரண்டு நாள் பதிப்புப் பயிற்சி நடத்தலாம். மணலுக்கு ஒரு பொதுப் பரிசோதனை ஏற்பாடும் செய்யலாம்.

ஆத்தங்குடிக் கல் போட நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புரட்டாசிக்கு முன்பே கல் கைக்கு வரும்படி ஆர்டர் கொடுங்கள். போன் திரையில் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் ஒரு மாதிரிக் கல்லைக் கூரியரில் வரவழையுங்கள். தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒரே தடவையில் வாங்குங்கள். மேஸ்திரியிடமிருந்து ஆசிட் பாட்டிலை முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள். மீதிப் பணத்தைக் கல் இறங்கிய அன்றே அனுப்பிவிடுங்கள்.